பீரோவில் கிடக்கும் பழைய சிடியைக் காப்பாற்ற

கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. ஈரோடு, திருப்பூர் பிரவுசிங் சென்டர்களில் தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்டவர்கள் புனைபெயரில் அதில் பேசியது யார் வீட்டு சிடியிலாவது மிஞ்சியிருந்தால் உண்டுங்க.

சிடியை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடே ஓடும். டிரைவால் பிழைதிருத்திப் படிக்க முடியாது. கோப்புகளை இழுத்துப் போடாமல் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளில் முழுப் பிம்பம் (சிடி முழுவதன் அச்சு நகல், ஒரே கோப்பாக) எடுங்கள். அது படியாத இடத்தைத் தாண்டிப்போய்க் கடைசியில் திரும்பிவந்து முயலும். கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் குறித்துக்கொண்டு மூன்று பிரதி, ஒன்று வேறு ஊரில்.

தமிழ் மட்டும் கந்தலாகத் தெரிகிறதா? பெரும்பாலும் பழுதல்ல, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடுகளான டிஸ்கியோ டாபோ. பிரதியில் மட்டும் யூனிகோடாக்குங்கள். தப்பான மாற்றியில் போட்டு மூலத்தின் மேலேயே சேமித்தால் போச்சு.

பெயர் விஷயம்தான் சிக்கல். மற்றவர்களுக்குக் காட்டுவதற்குமுன் புனைபெயரை அழித்தால் மட்டும் போதாது. 'பெருந்துறை ரோட்டு மில்லில் நைட் ஷிப்ட்' என்று ஒரு வரி இருந்தால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377-இலிருந்து அதை விடுவித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6-இல் வந்தாலும் வீட்டில் சொல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதியவர் சம்மதிக்கும்வரை மூலத்தைக் கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்து பூட்டியே வையுங்கள்.