பெனடோலுக்கு அடங்கினாலும் கவனிக்க வேண்டிய தலையிடி

தோட்டத்தில் தலையிடி என்றால் பனி, வெயில், பசி என்று ஏதாவது காரணம் சொல்லி ஒரு பெனடோலோடு முடித்துவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வலி எவ்வளவு கடுமை என்பதோடு, எப்படித் தொடங்கியது என்றும் கேளுங்கள். நன்றாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவருக்கு திடீரென வந்து, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன வலி மூளையில் இரத்தக்கசிவாக இருக்கலாம். மாத்திரைக்குக் குறைந்தாலும் ஆபத்து இல்லையென்று ஆகாது. சிடி ஸ்கேன் முதல் 6 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் கசிவை மிக நன்றாகக் காட்டும். அதனால் வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து டொக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, சரிவில் விழுந்து தலையில் அடி, கர்ப்பிணிக்குத் தலையிடியோடு கண் மங்கல், 50 வயதுக்குப் பிறகு புதிதாக வரும் வலி, இவற்றுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நுவரெலியா பக்கம் இன்னொன்றும் உண்டு. குளிருக்குக் கதவடைத்துக் கரி மூட்டிய வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடித்தால் அது கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் என்ற வாயுவின் நச்சாக இருக்கலாம். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். அப்புறம் 1990க்கு அழையுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம், காசு கொடுக்கத் தேவையில்லை.