குளிர் நாட்டுக் கோடை: எதிர்பார்ப்பிலும் வெயிலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் நாடுகளில் கோடை நெருங்கும்போது இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் மே மாதமே கம்பளி உடைகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். இன்னொருவர், 'இங்கே கோடையாவது ஒன்றாவது' என்று சலித்துக்கொண்டே ஆகஸ்ட் வரை ஓட்டிவிடுவார். இருவர் செய்வதும் ஒரே தவறுதான்: கோடையை மூன்று மாதம் நீளும் ஒரே பருவமாகக் கணக்குப் போடுகிறார்கள். குளிர் நாட்டில் அது நாள்கணக்கில்தான் வரும். இரண்டு வாரம் 16 டிகிரியும் தூறலுமாக இருக்கும். திடீரென்று நாலு நாள் 30-ஐத் தாண்டும். அப்புறம் பழையபடி 17. இதை மனதில் வைத்துத் திட்டமிட்டால் ஏமாற்றமும் குறையும், ஆபத்தும் குறையும்.

ஏன் இப்படி மாறி மாறி வருகிறது? பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட நாடுகளுக்கு மேலே, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வட ஐரோப்பாவில் அது வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கி நின்றுவிட்டால், மழை மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். 2012-இல் பிரிட்டனில் அதுதான் நடந்தது. நூறு ஆண்டுகளில் இல்லாத அளவு மழை பெய்த கோடை அது. அதே காற்றோட்டம் வடக்கே வளைந்து ஏறினால், தெற்கிலிருந்து சூடான காற்று மேலேறி வர வழி கிடைக்கிறது. 2022 ஜூலை 19 அன்று அதே பிரிட்டனில், லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது.

நீண்டகால முன்னறிவிப்பை நம்புவது

இந்த வளைவு எங்கே, எப்போது வரும் என்பதை மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபிஸ் 2009 ஏப்ரலில், அந்த ஆண்டு 'பார்பெக்யூ கோடை' அமைய வாய்ப்பு அதிகம் என்று அறிவித்தது. ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தது. மறு ஆண்டு, பொதுமக்களுக்கான பருவ முன்னறிவிப்பையே நிறுத்திவிட்டார்கள். உண்மையில் அவர்கள் சொன்னது 65 சதவீத வாய்ப்பு. மீதி 35-ஐ யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம். 'இந்த வருடம் வரலாறு காணாத கோடை' என்று ஏப்ரலில் வரும் தலைப்புச் செய்திகளைப் பார்த்து விடுமுறையை முடிவுசெய்யாதீர்கள். ஐந்து நாள் வரையிலான கணிப்பை ஓரளவு தைரியமாக நம்பலாம். பத்து நாளுக்கு மேல் போனால் அது ஒரு குத்துமதிப்புதான்.

இன்னொரு பக்கம், நாளைக்கான கணிப்பையே தவறாகப் படிப்பவர்களும் உண்டு. செல்போன் செயலியில் சனிக்கிழமைக்கு நேராக ஒரு மழை மேகப் படம் தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவார்கள். அந்த ஒற்றைப் படம் முழு நாளையும் சுருக்கிக் காட்டுவது. மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் தூறினாலும் அதே படம் வரலாம். மணிவாரிக் கணிப்பைத் திறந்து பாருங்கள். காலை பத்திலிருந்து இரண்டு வரை ஒரு சொட்டுகூட இல்லாமல் இருக்கலாம்.

நல்ல நாளுக்காகக் காத்திருப்பது

மங்கலான கோடையை இன்னும் மோசமாக்குவது இந்தக் காத்திருப்புதான். வெயில் வந்தால் நடக்கப் போகலாம், வெயில் வந்தால் நண்பர்களைக் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால் ஆகஸ்ட் கடைசி வந்துவிடும். நாம் வெளியே செய்ய நினைக்கும் பெரும்பாலான காரியங்களுக்கு வெயில் தேவையே இல்லை. மழை இல்லாமல் இருந்தால் போதும், காற்று அதிகம் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. தேதியைக் குறித்துவிடுங்கள். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள். வட பகுதிகளில் கோடையின் நிஜமான லாபம் வெப்பத்தைவிட வெளிச்சம்தான் என்பது என் கருத்து. ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும் ஊரில், வேலை முடிந்து வந்த பிறகும் ஒரு முழு மாலை கையில் இருக்கிறது. 15 டிகிரியாக இருந்தால் என்ன, ஒரு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பலாமே.

காலண்டரைப் பார்த்து ஹீட்டரை அணைத்து வைப்பதும் இந்த வகைத் தவறுதான். 'ஜூலையில் யாராவது ஹீட்டர் போடுவார்களா' என்று வீம்பு பிடித்து, 15 டிகிரி வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜூலை என்பதற்காக அந்த அளவு குறைந்துவிடாது. மழை நாளில் துணியையும் உள்ளேயே காயப்போட்டு, ஜன்னலையும் மூடி வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

குளிராக இருக்கிறது, தோல் கருகாது என்று எண்ணுவது

தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். அதற்கும் தெர்மாமீட்டரில் தெரியும் எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வட நாடுகளில் சூரியன் மிக உயரத்தில் இருப்பது ஜூன் பிற்பாதியில். ஆனால் காற்று மிகச் சூடாவது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். அதனால் சில்லென்று காற்று வீசும் ஜூன் மதியத்தில்தான் பலர் முகம் சிவந்து வீடு திரும்புகிறார்கள். மெல்லிய மேகம் இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும். வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்று காட்டினால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும், குளிர் எவ்வளவு இருந்தாலும் சரி. 'நமக்குக் கறுத்த தோல், ஒன்றும் ஆகாது' என்ற பேச்சும் பாதிதான் சரி. நிறமி ஓரளவு காக்கும், முழுதாகக் காக்காது. அதே நிறமி வைட்டமின் டி உருவாவதையும் குறைக்கிறது. அதனால்தான் பிரிட்டனின் பொது சுகாதாரச் சேவை, தெற்காசிய வம்சாவளியினர் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது. அதாவது கோடையிலும்கூட.

வெயில் வந்ததும் எல்லா ஜன்னலையும் திறப்பது

வெப்ப அலைக்கு வருவோம். உயிர்ச்சேதம் நடக்கும் இடம் இதுதான், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குள். 2021 ஜூன் கடைசி வாரத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தாக்கிய வெப்ப அலையில் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர். அவர்களில் 98 சதவீதம் பேர் கட்டடங்களுக்குள் இருந்தபோது பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள்.

குளிர் நாட்டு வீடு வெப்பத்தைப் பிடித்து வைக்கவே கட்டப்பட்டது. கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயில் தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. அந்தச் சூடு எளிதில் வெளியே போவதில்லை. சூடு கடக்காமல் தடுக்கச் சுவரில் வைக்கும் காப்பு அடுக்கை (இன்சுலேஷன்) குறை சொல்வார்கள். காப்பு இருபக்கமும்தான் வேலை செய்கிறது, வெளிச்சூட்டையும் தடுக்கும். வெயிலை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டு, பிறகு காப்பைத் திட்டிப் பயனில்லை.

'காற்று வரட்டும்' என்று மதியம் ஜன்னலைத் திறப்பது இயல்பான ஆசை. வெளியே 33, உள்ளே 26 என்றால் திறந்த ஜன்னல் வழியாக 33 டிகிரிக் காற்றுதான் வரும். கணக்கு எளிது: வெளிக்காற்று உள்ளதைவிடச் சூடாக இருக்கும்போது மூடு, குளிர்ந்ததும் திற. இதற்கு ஊகம் வேண்டாம். உள்ளே ஒன்று, வெளியே நிழலில் ஒன்று என இரண்டு சாதாரண தெர்மாமீட்டர் போதும். இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். மாடி வீடானால் கீழே ஒன்றையும் மேலே ஒன்றையும் திறங்கள். சூடான காற்று மேல்வழியாக வெளியேறும். வட நாட்டில் கோடை இரவு குறுகியது என்பதால் குளிர்விக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. விடியும் நேரத்தை ஒட்டித்தான் காற்று மிகக் குளிர்ந்திருக்கும். பாதுகாப்பாகத் திறந்து வைக்க முடிந்த ஜன்னல் எது என்பதை முன்பே பார்த்து வையுங்கள்.

உள்பக்கத் திரைச்சீலையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு திரையில் பட்டால், திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே கொடுக்கும். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதற்கு ஈடாகாது. வெளிப்பக்கப் பலகைக் கதவோ சுருள் திரையோ இல்லாதவர்கள், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஜன்னலுக்கு வெளியே இறுக்கிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். தெற்கு ஜன்னலை மட்டும் கவனித்துவிட்டு மேற்கை விட்டுவிடுபவர்கள் அதிகம். வட நாட்டுக் கோடை மாலையில் சூரியன் தாழ்ந்து, வெகுநேரம் மேற்கிலும் வடமேற்கிலும் நிற்கும். கதிர் கிடைமட்டமாக நுழைவதால் மேலே நீட்டிய கூரை அதைத் தடுக்காது. மாலை ஆறு மணிக்கு மேற்கு அறை ஏன் அடுப்பாகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அவசரத்தில் வாங்கும் கருவிகள்

வெப்ப அலை அறிவிப்பு வந்த அன்று கடைக்கு ஓடி, சக்கரம் வைத்த ஏசி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒற்றைக் குழாய் உள்ள ஏசி, அறைக்காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்குப் பதிலாக, கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளிச்சூடு உள்ளே வரும். குழாயைத் திறந்த ஜன்னலில் சும்மா தொங்கவிட்டால் மின்கட்டணம் மட்டும்தான் ஏறும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைத் துணியாலாவது அடைத்து, ஒரே ஒரு சின்ன அறையைக் குளிர்விக்க முயன்றால் பலன் உண்டு. தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரை மூடிய அறையில் ஓட்டினால் ஈரப்பதம் ஏறி, வியர்வை காயாமல் புழுக்கம் கூடும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் தோலில் உள்ள வியர்வையைக் காயவைக்கிறது, அவ்வளவுதான். அறை 35 டிகிரியைத் தாண்டினால் அது சூடான காற்றையே நம் உடம்பின் மேல் அடிக்கும். வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு என்பதால் விசிறியை மட்டும் நம்ப முடியாது. கை, முகம், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறி முன் உட்காருவது நல்லது.

'நான் பார்க்காத வெயிலா'

வெயில் நாட்டில் பிறந்து குளிர் நாட்டில் குடியேறியவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகிறது: வியர்வை சீக்கிரம் சுரக்கும், உப்பு குறைவாக வெளியேறும், இதயத்தின் சுமை குறையும். குளிரில் சில வாரங்கள் இருந்தாலே இந்தப் பழக்கம் போய்விடும். பத்து வருடம் குளிரில் இருந்தவருக்குப் பிறந்த ஊரின் வெயில் எந்தப் பாதுகாப்பும் தராது. அதோடு, அங்கே இருந்த உயர்ந்த கூரையும் சீலிங் ஃபேனும் மதிய ஓய்வும் இங்கே இல்லை.

மருந்து சாப்பிடுபவர்கள் வெயில் வருமுன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் போன்றவை வெப்பத்தில் சிக்கல் தரலாம். தாமாக நிறுத்தவும் கூடாது. தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை என்றால் குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, குழப்பமோ மயக்கமோ வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ் வேண்டும்.

வெயில் சூடு, தண்ணீர் சூடு இல்லை

30 டிகிரி நாளில் ஏரியைக் கண்டதும் குதிப்பவர்கள் வருடந்தோறும் உயிரை விடுகிறார்கள். காற்று மூன்று நாளில் சூடாகிவிடும், ஆழமான தண்ணீர் ஆகாது. 15 டிகிரிக்குக் கீழுள்ள தண்ணீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான். தவறி விழுந்தால் உடனே நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு சீராகும் வரை பொறுக்க வேண்டும்.

காரில் குழந்தையையோ நாயையோ விட்டுச் செல்வது ஆபத்தாக வெப்ப அலைகூடத் தேவையில்லை. 22 டிகிரி இதமான நாளிலேயே மூடிய கார் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடும். ரயில் பயணத்தையும் உச்ச வெயில் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனின் தண்டவாளங்கள், இரும்பு 27 டிகிரியில் இருக்கும்போது இழுவையோ நெருக்கமோ இல்லாதபடி பொருத்தப்பட்டவை. நல்ல வெயிலில் இரும்பு காற்றைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறலாம் என்பதால், நெளிந்துவிடாமல் இருக்க வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். பெட்டிக்குள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ள நேரும்.

வெப்ப அலை முடிந்ததாக அறிவித்த அன்றே எல்லாவற்றையும் மறந்துவிடுவதும் தவறுதான். செங்கல் சுவர் வாங்கிவைத்த சூட்டை அடுத்த ஓரிரு நாளுக்கும் விட்டுக்கொண்டிருக்கும். வெளியே 20 ஆன பிறகும் மாடி அறை 28-இல் நிற்கலாம். தனியாக இருக்கும் முதியவர்களை அந்த நாட்களிலும் போய்ப் பாருங்கள், இரவு ஜன்னல் திறப்பதைத் தொடருங்கள். எந்த அறை எத்தனை டிகிரி வரை போனது என்று ஒரு தாளில் குறித்துவைத்தால், எந்த ஜன்னலுக்கு வெளித் திரை வேண்டும் என்று தெரிந்துவிடும். வாடகை வீடானால் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய நேரமும் செப்டம்பர்தான். அனுமதி வாங்கவும் ஆள் தேடவும் குளிர்காலம் முழுவதும் இருக்கிறது.