ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணியிடம் தேடுவது எப்படி?

நார்வேயில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே இருக்கிறார். அவருக்குச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு, கல்விக் கட்டணம் கிடையாது. எனவே உதவித்தொகைப் பட்டியல்களில் நாள்களைக் கழிக்காமல், வேலை தேடுபவரைப் போலத் தேடுங்கள்.

படி 1: விளம்பரங்களைக் கண்டறிதல்

1811-இல் நிறுவப்பட்ட ஓஸ்லோ பல்கலைக்கழகம், தன் இணையதளத்தில் காலிப் பணியிடங்களுக்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறது. விண்ணப்பங்கள் யொப்நோர்கே (Jobbnorge) என்னும் வேலைவாய்ப்புத் தளத்தின் வழியாகப் பெறப்படுகின்றன. பெர்கன், துரோம்சோ பல்கலைக்கழகங்களின் விளம்பரங்களும் அங்கே வருவதால், உங்கள் துறைக்கான மின்னஞ்சல் அறிவிப்பை அதில் அமைத்துக்கொள்வது நல்லது. விளம்பரத் தலைப்பில் 1017 என்ற எண் இருந்தால் அது முனைவர் பட்ட ஆய்வுப் பணி. 1352 என்றால் முதுமுனைவர் ஆய்வுப் பணி, அதாவது முனைவர் பட்டம் பெற்றபின் செய்யும் ஆய்வுப் பணி.

படி 2: விளம்பரத்தை வரி வரியாகப் படித்தல்

தேர்வு இங்கேயே பாதி முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. கட்டாயத் தகுதிகள் ஒரு பகுதியிலும், இருந்தால் நல்லது என்னும் தகுதிகள் இன்னொரு பகுதியிலும் தரப்பட்டிருக்கும். முதல் பகுதியில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் தேறாது. இரண்டாவதில் சில இல்லையென்றாலும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். பணிக்காலத்தையும் கவனியுங்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று ஆண்டுகள். நான்கு ஆண்டுகள் என்று இருந்தால், வேலை நேரத்தில் 25 சதவீதம் கற்பித்தல் போன்ற துறைப் பணிகளுக்கு உரியது. முதுமுனைவர் பணி எத்தனை ஆண்டுகள் என்பது விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். அதற்கு விண்ணப்பிக்கும் முன், ஆய்வேட்டை எந்த நாளுக்குள் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: யாருடைய ஆய்வுத் திட்டம் என்று பார்த்தல்

அறிவியல் துறைகளில் பெரும்பாலும் பேராசிரியர் ஏற்கெனவே நிதி பெற்ற திட்டத்துக்கே ஆள் எடுக்கிறார்கள். அங்கே உங்கள் முதுநிலை ஆய்வு அந்தத் திட்டத்துக்கு எப்படிப் பயன்படும் என்பதை விண்ணப்பக் கடிதத்தில் தெளிவாக எழுதினால் போதும். மானுடவியல், சமூக அறிவியல் துறைகளிலோ ஆய்வு முன்வரைவை நீங்களே எழுதித் தரவேண்டியிருக்கும். அதற்குப் பல வாரங்கள் ஒதுக்குங்கள்.

படி 4: தொடர்பாளருக்கு எழுதுதல்

விளம்பரத்தின் இறுதியில் தொடர்பாளரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். "உங்களிடம் இடம் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். விளம்பரத்தில் விடையில்லாத ஒரே கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், எடுத்துக்காட்டாக, "களப்பணி எந்தப் பகுதியில் நடைபெறும்?" என்று எழுதலாம்.

படி 5: ஆவணங்களைப் பதிவேற்றுதல்

விண்ணப்பக் கடிதம், தன்விவரக் குறிப்பு, பட்டச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், பரிந்துரையாளர்களின் விவரம் ஆகியவற்றோடு, சில விளம்பரங்களில் முதுநிலை ஆய்வேட்டையும் கேட்பார்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துவிடுங்கள். கடைசி நாள் நார்வே நேரப்படி கணக்கிடப்படும். இந்திய நேரம் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் முன்னே இருக்கிறது. இருந்தாலும் ஓரிரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

அதன்பின் நிபுணர் குழு விண்ணப்பங்களை மதிப்பிட்டு, சிலரை மட்டும் நேர்காணலுக்கு அழைக்கும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். விண்ணப்பதாரர்களின் பெயர்ப் பட்டியல் பொதுவில் வெளியிடப்படக்கூடும் என்பதால், உங்கள் பெயரை மறைக்க விரும்பினால் அதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதவேண்டும். பணி கிடைத்தபின் முனைவர் பட்டப் படிப்பில் சேர்வதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியர்கள் நார்வே குடிவரவுத் துறையிடம் திறன்மிகு பணியாளருக்கான வதிவிட அனுமதியும் பெறவேண்டும்.