வகுப்பறைச் சுவரில் அட்லாண்டிக்கின் அடிமலை

பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் கடலை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவர்களுக்கு ஆழ்கடலைப் படமாகக் காட்டுவதைவிட, அளவெடுத்து வரையச் சொல்வதுதான் நல்லது. அங்கே எந்த உயிர் எப்படிப் பிழைக்கும் என்பதைப் பெரும்பாலும் ஆழம்தான் தீர்மானிக்கிறது.

வரைய வேண்டியது அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் கடலடி மலைத்தொடர். 2004இல் நார்வேயின் ஜி.ஓ.சார்ஸ் கப்பல் ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையே இரண்டு மாதம் இதை ஆராய்ந்தது. மார்-எக்கோ என்ற அந்தத் திட்டத்தில் 16 நாட்டவர் சேர்ந்திருந்தார்கள். வலை, எதிரொலிக் கருவி, கேமரா வைத்த ரோபோ எல்லாம் இறங்கின.

சார்ட் பேப்பரை நெடுக்கில் நான்கு, குறுக்கில் நான்காக ஒட்டுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் போதும். ஆழத்துக்கு 1 செ.மீ. = 20 மீட்டர். நம் ஒகேனக்கல் அருவியின் உயரம் இதில் ஒரே ஒரு செ.மீ. தான்! இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள், பிள்ளைகள் தாங்களே ஸ்கேலை எடுப்பார்கள்.

மேலிருந்து 10 செ.மீ. வரை மஞ்சள். அதுதான் வெளிச்சம் உள்ள 200 மீட்டர். 50 செ.மீ. வரை நீலம், அதற்குக் கீழே கறுப்பு. மலைமுகட்டை 125 செ.மீ.யில் வைத்து, இருபுறமும் 250 செ.மீ. வரை சரியுங்கள். முகட்டின் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வெட்டுங்கள்.

அகலத்துக்கு 1 செ.மீ. = 10 கி.மீ. என்று வைப்பதால் சரிவு செங்குத்தாகத் தெரியும். உண்மையில் சராசரியாகக் கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர்தான் இறங்குகிறது; நம் ஒகேனக்கல் மலைப்பாதை அதைவிட எவ்வளவோ செங்குத்து. இதைக் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தவறான படம் மனதில் தங்கிவிடும்.

அப்புறம் உயிரினங்கள். எனக்கு மிகப் பிடித்தது லாந்தர் மீன். உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட இந்தச் சின்ன மீன்களில் பல, பகலில் ஆழத்தில் இருந்து இரவில் மேலே வந்து இரை தேடும். அட்டையில் மீன் வெட்டி, நூலில் துணிக் கிளிப்பால் மாட்டுங்கள். காலையில் வகுப்புத் தலைவர் அதை 30 செ.மீ.க்கு இறக்கட்டும், சாயங்காலம் மணியடித்ததும் 5 செ.மீ.க்கு ஏற்றட்டும். கப்பலின் எதிரொலிக் கருவித் திரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு பட்டையாகவே தெரியும்.

பள்ளத்தாக்கில், 180 செ.மீ. பக்கம் ஒரு வெந்நீர் ஊற்றை வரையுங்கள். 26 பாகை வடக்கில் உள்ள டேக் ஊற்று ஏறக்குறைய அந்த ஆழம். 350 டிகிரிக்கு மேல் சூடான கரிய நீர் அங்கே பீறிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். ரிமிகாரிஸ் இறால்கள் அங்கே மொய்த்துக் கிடக்கும். வழக்கமான கண் கிடையாது, முதுகில் ஒளியுணரும் உறுப்பு உண்டு. வெயிலே படாத அந்த இடத்தில், இறால்களின் செவுள் அறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றின் ரசாயனங்களிலிருந்து அவற்றுக்கு உணவு ஆக்கித் தருகின்றன. உணவுச்சங்கிலிப் பாடம் நடத்தும் அன்று பிள்ளைகளை இந்தப் படத்தின் முன்னால் உட்கார வையுங்கள்.

125 செ.மீ. அருகே ஊதா நிற ஏகார்ன் புழுவைச் சேர்க்கலாம். விலங்கியல் புத்தகத்தில் வரும் பலனோகிளாசஸின் உறவுதான் அது. ஒவ்வொரு உயிரின் பக்கத்திலும் ஆழத்தையும் அழுத்தத்தையும் எழுதச் சொல்லுங்கள். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று கணக்கு.

படம் முடிந்த பிறகு, ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட் என்ற கடலாய்வு நிறுவனம் யூடியூபில் போடும் சூபாஸ்டியன் என்ற ஆழ்கடல் ரோபோவின் வீடியோக்களைக் காட்டுங்கள். திரையில் ஆழம் ஓடும்போதெல்லாம் ஒரு பிள்ளை சுவரில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டட்டும்.