ஏற்காட்டில் அப்பா, சேலத்தில் டாக்டர்

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நுரையீரல் டாக்டர் சேலத்தில். மூச்சு வாங்குகிற மனிதரை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஏற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் மாதாந்திரச் செக்கப்பை வீடியோ காலுக்கு மாற்றினோம்.

முதலில் சரிப்படவில்லை. விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் காலையில் 84 சதவீதம் காட்டும், கொஞ்ச நேரத்தில் 91. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் அப்படித்தான். இப்போது வெந்நீர் டம்ளரைப் பிடித்துக் கை சூடானதும், எண் ஒரே இடத்தில் நின்ற பிறகே குறிக்கிறோம். வீடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலையில் அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும்.

அடுத்து சிக்னல். மழை வந்தால் வீடியோ கால் துண்டித்துவிடும். எனவே சட்டையைக் கழற்றி உட்காரவைத்து, ஒரு நிமிடம் மூச்சு விடுவதை முன்கூட்டியே படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். மூச்சை டாக்டரே எண்ணிக்கொள்வார்.

உண்மையான பலன் ரோட்டாஹேலரில்தான் (கேப்சூலில் உள்ள பொடி மருந்தை வாயால் இழுக்கும் கருவி). பக்கவாட்டில் போனைப் பிடித்து, அப்பா மருந்து இழுப்பதைக் காட்டினேன். "கருவியைத் திறந்து கேப்சூலைக் காட்டுங்க" என்றார் டாக்டர். உள்ளே பாதிப் பொடி அப்படியே ஒட்டியிருந்தது! அப்பா நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார். பொடி மருந்தை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதவே கூடாது. அப்புறம் 10 விநாடி மூச்சை அடக்கி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். மருந்து மாற்றாமலே இரவு இருமல் குறைந்தது.

உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ வீடியோ கால் வேண்டாம். நேராக 108.