ஆட்டோகேட் திணறுகிறதா? பழைய டெஸ்க்டாப்பைத் தேற்றும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. சில வருடம் முன்னால் ஒரு கல்யாண மண்டப வேலை வந்தது. சர்வேயர் கொடுத்த டிராயிங், அதன் மேல் ஸ்ட்ரக்சர் என்ஜினியர் அனுப்பியது, அதற்கும் மேல் என்னுடையது என்று அடுக்க அடுக்க, ஒரு தடவை ஜூம் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைமை ஆகிவிட்டது. பஸ் ஏறி புதுச்சேரிக்குப் போய் ஒரு கடையில் சொன்னேன். "கிராபிக்ஸ் கார்டு போடுங்க சார், பறக்கும்" என்றார்கள். போட்டேன். பறக்கவில்லை, தவழக்கூட இல்லை.

கார்டு மேல் தப்பில்லை. எங்கே வலி என்று பார்க்காமலேயே மாத்திரை வாங்கியது நான்தான். அதனால் இந்தப் பதிவில் கடைக்குப் போவது பாதியில்தான் வரும், அதற்கு முன்னால் செய்ய வேண்டியதெல்லாம் இலவசம். என் மெஷின் இன்டெல் ஐ5 8400, எச்310 மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒற்றைத் துண்டாக, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். உங்களுடையதும் கிட்டத்தட்ட இதே வயசு என்றால் அப்படியே பின்பற்றலாம்.

1. எங்கே அடைக்கிறது?

உங்களிடம் இருப்பதிலேயே கனமான டிராயிங் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, திறக்க எவ்வளவு நேரம், ரீஜென் (திரையை முழுசாக மறுபடி வரையும் கட்டளை) கொடுத்தால் எவ்வளவு நேரம், சேவ் ஆக எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் இந்தத் தாள்தான் சாட்சி, "முன்ன விட வேகமா இருக்கற மாதிரி இருக்கு" என்பதையெல்லாம் நம்பக் கூடாது.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக நீங்கள் பார்க்கும் வேலையையே பாருங்கள். பிரவுசரில் பத்து டேப், வாட்ஸ்அப், பி.டி.எஃப். என்று தினமும் என்னவெல்லாம் திறந்திருக்குமோ அதெல்லாம் திறந்தே இருக்கட்டும்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. சில சமயம் ரேம் நிரம்பி வழிவதால்கூட விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு உருட்டும், அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பிராசசரில் ஒரு ஏமாற்று இருக்கிறது. திரை உறைந்து நிற்கும்போது சிபியு வெறும் 17 சதவீதம் என்று காட்டும்; ஓஹோ, பிராசசர் சும்மாதானே இருக்கிறது என்று நினைப்போம். என் ஐ5-ல் ஆறு கோர், அதாவது கணக்குப் போடும் ஆறு தனிப் பகுதி. ஆட்டோகேட் பெரும்பாலான வேலையை ஒரே கோரில்தான் செய்கிறது. ஆறில் ஒன்று முழுசாக மூச்சுத் திணறினால் மொத்தக் கணக்கில் அது 17 சதவீதம்தான். கிராஃபின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். அதனால்தான் 2டி வரைகிறவர்களுக்கு கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் முக்கியம். ஆட்டோகேட் 2025-க்கு ஆட்டோடெஸ்க் பரிந்துரைப்பதும் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அடிப்படை வேகம், 4-க்கு மேல் டர்போ, அதாவது தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம். ரேம் குறைந்தபட்சம் 8 ஜி.பி., பரிந்துரை 32 ஜி.பி.

என் மண்டப டிராயிங்கில் மெமரி 94, டிஸ்க் 100. கிராபிக்ஸ் கார்டைக் காட்டும் ஜி.பி.யு? 3 சதவீதம். நான் காசு கொடுத்த இடம் அந்த மூன்று.

2. டிராயிங்கைக் கழுவுங்கள்

பல பேர் கை மாறி வரும் ஃபைலில் எவனோ எப்போதோ போட்ட பிளாக், லேயர், லைன்டைப் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, ஆடிட் கொடுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்து, பயன்படாததை நீக்கும் பர்ஜ். ஒரு பர்ஜ் போதாது, ஒன்றை எடுத்தால் அதற்குள் இருந்தது வெளியே வரும், ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கொடுங்கள். கோட்டின் மேல் கோடு விழுந்திருந்தால் ஓவர்கில் கட்டளை அதை நீக்கும். சர்வே டிராயிங்கை உள்ளே பேஸ்ட் செய்யாமல் எக்ஸ்ரெஃப்பாக (வெளி ஃபைலாகவே வைத்துக் காட்டும் முறை) இணையுங்கள். இதற்கே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், தீர்ந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

3. இந்த மெஷின் செலவுக்குத் தகுமா?

சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பிராசசர் மாடல், மதர்போர்டு மாடல், ரேம் வகை மூன்றையும் அதில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம் போட்ட மெஷின் என்றால் என் அபிப்பிராயம், அதில் காசு போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். அந்த டி.பி.எம். பல இன்டெல் போர்டுகளில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் பக்கம்) பி.டி.டி. என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதை ஆன் செய்தால் போதும். என் ஐ5 8400 எட்டாம் தலைமுறை, மயிரிழையில் தப்பியது.

4. எஸ்.எஸ்.டி.

முதல் செலவு, சிப்பிலேயே ஃபைலைச் சேமிக்கும் இந்த வகை டிஸ்க்குக்குத்தான். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரை படிக்கும், சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் அதே கேபிள்) எஸ்.எஸ்.டி. 550 வரை போகும். அதைவிடப் பெரிய வித்தியாசம் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே சுற்றுகிற தட்டோ நகர்கிற ஊசியோ கிடையாது. எம்.2 ஸ்லாட்டில் சொருகும் என்.வி.எம்.இ. வகை 3,500 வரை போகும் என்பார்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். எச்310 போர்டின் சிப்செட் கொடுப்பது பழைய இரண்டாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதைதான், அதில் எவ்வளவு வேகமான எம்.2 போட்டாலும் பாதிகூட வராது. சில போர்டுகளில் எம்.2 சொருகினால் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும். மதர்போர்டு மாடல் பெயரைப் போட்டு மேனுவலை இறக்கி ஒரு தடவை படியுங்கள். நான் 1 டி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி.யே வாங்கினேன், வருத்தமில்லை.

மாற்றுவதற்கு முன் இரண்டு காரியம். வேலை ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள், ஆட்டோடெஸ்க் லாகினும் கையில் இருக்கட்டும், டிஸ்க் மாறினால் சில சமயம் மறுபடி கேட்கும்.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் கரண்டை வடிய விடுங்கள். கேபினட்டைப் படுக்க வைத்து, அதன் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கார்ப்பெட் மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள். சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு இரண்டே கேபிள், ஒன்று மதர்போர்டிலிருந்து, இன்னொன்று கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து. இரண்டிலும் எல் மாதிரி ஒரு வளைவு இருக்கும், தப்பாகச் சொருக முடியாது. பல நிறுவனங்கள் தங்கள் எஸ்.எஸ்.டி.க்கு பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் (குளோன்) மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். குளோன் முடிந்ததும் அணைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு முதல் தடவை எஸ்.எஸ்.டி.யில் மட்டும் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் எதிலிருந்து பூட் ஆகிறது என்றே தெரியாமல் குழம்புவீர்கள். விண்டோஸ் ஏற்கனவே குப்பையாக இருந்தால் குளோன் வேண்டாம், புதிதாகவே போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், ஆனால் நிம்மதி.

5. ரேம்

2டி பிளான், கொஞ்சம் எலிவேஷன் என்றால் 16 ஜி.பி. போதும். ரெவிட், பெரிய ஸ்கெட்ச்அப் என்று 3டி மாடல் செய்தால் 32. ஒற்றை 16-ஐ விட 8, 8 என்று இரண்டு போடுவது நல்லது, பிராசசருக்குப் போகும் இரண்டு பாதையிலும் (சேனல்) ஓடும். ஒரே பாக்கெட்டில் வரும் ஜோடியாக வாங்குங்கள். நான் 16, 16 போட்டேன். கடையில் 3200 வேகம்தான் கிடைத்தது, என் பிராசசர் 2666-க்கு மேல் ஏற்காது, அதனால் குறைத்துக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கிளிப்பைத் திறந்து, துண்டின் அடியில் இருக்கும் வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரண்டு முனையிலும் கட்டை விரலால் சமமாக அழுத்துங்கள். டக் என்று கிளிப் பூட்டும். பயந்து பயந்து பாதி அழுத்தி விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், மேனுவலில் போட்டிருக்கும்.

எனக்கு அன்றைக்கு ஆன் செய்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை கறுப்பு. ரேமைத் திருப்பித் தர வேண்டியதுதான் என்று பாக்கெட்டில்கூடப் போட்டுவிட்டேன். பக்கத்துத் தெருவில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, தேவனாம்பட்டினம் காத்து உள்ள வந்திருக்கு" என்றார், எங்கள் ஊர் கடற்கரையைச் சொல்கிறார். இரண்டாவது ஸ்லாட் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்து உப்பும் தூசும் ஏறியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லாட்டைத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொஞ்சம் விட்டு, நன்றாகக் காய வைத்துச் சொருகியதும் வந்துவிட்டது. பழைய ரேமின் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தாலும் பளிச்சென்று ஆகும், துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் தள்ளி வைத்துத் தேயுங்கள். கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேபினட்டைத் திறந்து தூசி தட்டினால் இந்தக் கூத்தே இருக்காது.

6. இப்போது கார்டு

3டி ரெண்டர் செய்கிறீர்களா? லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் பழக்கமா? அப்படியென்றால் கார்டுதான் உயிர், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். வெறும் 2டி என்றால் ஆட்டோகேட் 2025-க்கு 2 ஜி.பி. மெமரி உள்ள சாதாரணக் கார்டே குறைந்தபட்சக் கணக்கில் போதும்.

கார்டுக்கு முன்னால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரைதான் கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1650, 6 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவை அதற்குள் ஓடிவிடும், பல மாடல்களுக்குத் தனி கேபிள் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட், அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வைக்கச் சொல்கிறார்கள். கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் 450 என்று ஒட்டியிருப்பதை நம்பி அந்தக் கார்டைப் போடாதீர்கள். 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ளதாக வாங்குங்கள். யு.பி.எஸ்.ஸும் கணக்கில் வரும், 600 வி.ஏ. என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஊர் கரண்ட் எப்படி வரும் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்டைச் சொருகி, ஸ்க்ரூ போட்டு, டிரைவரைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டின் போர்ட்டில் சொருகுங்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அந்த 3 சதவீதக் கார்டு இருந்த காலம் முழுக்க என் மானிட்டர் மதர்போர்டு போர்ட்டில்தான் இருந்தது. சில போர்டுகளில் இப்படிச் செய்தால் திரையே வராது, உடனே தெரிந்துவிடும். என்னுடையதில் இரண்டும் வேலை செய்தது, அதனால் தெரியவே இல்லை. கடைசியாக ஆட்டோகேட்டில் கிராபிக்ஸ்கான்ஃபிக் என்று அடித்து, ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் (வரைவதைக் கார்டிடம் விடுவது) ஆனில் இருக்கிறதா, உங்கள் கார்டின் பெயர்தான் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பிராசசர் மாற்றுவதைப் பற்றிக் கேட்பீர்கள். இதே போர்டில் ஒன்பதாம் தலைமுறை வரை போகலாம், பயாஸ் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு, கிடைக்கும் வேகமும் சொற்பம். நான் செய்யவில்லை. அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் ஒரு நாள் புது போர்டு, புது பிராசசராகவே போய்விடலாம்.

7. மறுபடி ஸ்டாப்வாட்ச்

அந்தத் தாளை எடுத்து, அதே டிராயிங்கை, அதே பத்து டேப்போடு திறந்து பாருங்கள். என்னுடையது திறக்க 3 நிமிடம் 40 நொடி எடுத்தது, இப்போது 35 நொடி. ரீஜென் மட்டும் பெரிதாகக் குறையவில்லை, அது பிராசசரின் வேலை என்பதால் எதிர்பார்த்ததுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் அப்படியே எடுத்து வையுங்கள், அழிக்க வேண்டாம். எதையாவது காப்பி எடுக்க மறந்திருப்பீர்கள், நான் பிளாட் ஸ்டைல் ஃபைலை (பிரிண்டில் கோட்டின் தடிமன், நிறம் சொல்வது) மறந்திருந்தேன்.