ரெஸ்டோர் செய்த பழைய பைக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு வேப்பமரத்தின் கிளை முறிந்து, வாசலில் நின்ற அப்பாவின் 1979 மாடல் புல்லட் மேல் விழுந்தது. டேங்க் நசுங்கி, ஹெட்லைட் உடைந்து, முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. அந்த வண்டிக்கு உயிர் கொடுக்க இரண்டு வருடமும் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் செலவழித்திருந்தேன். ஃபுல் இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்று பாலிசியை எடுத்துப் பார்த்தால், வண்டியின் மதிப்பு 14,000 ரூபாய் என்று போட்டிருந்தது.

ரிப்பேர் எஸ்டிமேட் 13,500. செலவு பாலிசி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. 14,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். வண்டி வேண்டும் என்றால், காயலான் கடை விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அப்பாவின் வண்டியை எப்படிக் கொடுப்பது? கிளெய்மைத் திரும்பப் பெற்று, கைக்காசு போட்டுச் சரிசெய்தேன். வேறு யாருக்கும் இப்படி ஆகக் கூடாது. அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஆர்சி புக்

பாலிசியைத் தேடுவதற்கு முன் ஆர்சியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் உட்காருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ரெஸ்டோர் செய்த வண்டிகளில் அடிக்கடி இடிப்பது இந்த இடம்தான். பழைய இன்ஜின் தேறாது என்று வேறு இன்ஜின் வாங்கி மாட்டியிருப்பார்கள்; ஆர்சியில் பழைய நம்பரே இருக்கும். சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது நம்பர் மேல் பெயின்ட் கனமாகப் படிந்து எழுத்தே தெரியாமல் போவதும் உண்டு. வேலைக்குக் கொடுக்கும் முன்பே நம்பர் மேல் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

இன்ஜின், கலர் மாறியிருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகிக் கிடந்தால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல்தான்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால், 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க எடுத்துப் போக ஆசை இருந்தால் சாதாரண ஆர்சியே போதும்.

படி 2: எந்த பாலிசி?

தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். அது இல்லாமல் ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதன் பிரீமியம் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, சிசியைத்தான் பார்க்கிறது. 2022 ஜூன் 1-இல் வந்த கட்டணப்படி, ஆர்எக்ஸ் 100-க்கு 714 ரூபாய், 346 சிசி புல்லட்டுக்கு 1,366, 350 சிசிக்கு மேல் 2,804. ஜிஎஸ்டி தனி.

உங்கள் வண்டிக்கு என்ன ஆனாலும் இதில் உங்களுக்கு ஒரு பைசா வராது. வெள்ளம், தீ, திருட்டு, விழுந்து அடிபடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்டால் ஃபுல் இன்சூரன்ஸ்தான். வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கும் என்றால், தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துத் தருவார்களா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 3: மதிப்பைப் பேசி முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

பாலிசியில் ஐடிவி என்று போட்டிருப்பதுதான் உங்கள் வண்டியின் மதிப்பு. புது வண்டிக்கு அது ஷோரூம் விலையிலிருந்து வருடா வருடம் குறையும். நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் பாதியாகிவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் போனாலோ, கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டாலோ, அட்டவணை கிடையாது. நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. இது பலருக்குத் தெரியாது. ஆன்லைனில் தானாக வந்து நிற்கும் எண்ணையோ, ஏஜென்ட் நிரப்பிய எண்ணையோ அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

கையில் என்ன வேண்டும்? ரெஸ்டோர் செய்த பில்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள், அதே மாடல் இப்போது விற்கும் விலைக்கு இரண்டு மூன்று உதாரணங்கள், லைசென்ஸ் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் (வண்டியையும் சேதத்தையும் மதிப்பிடுபவர்) ஒருவரின் மதிப்பீட்டு அறிக்கை. இவற்றோடு கிளைக்கு நேரில் போங்கள். ஒரு கிளையில் மறுத்தால் வேறு நிறுவனத்தில் கேளுங்கள். பிரீமியம் எகிறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பழைய கட்டண அட்டவணையில், 10 வயது தாண்டிய 350 சிசி வரையிலான டூவீலருக்குச் சேத காப்பீட்டு விகிதம் ஐடிவியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் மூன்று இடத்திலாவது கேட்டுவிடுங்கள்.

படி 4: எது கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வண்டிக்கு 'ஜீரோ டெப்' (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) பெரும்பாலும் தர மாட்டார்கள். 10 வருடம் தாண்டிய வண்டியில் மாற்றும் இரும்புப் பாகத்துக்குப் பாதிப் பணம்தான். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் அதே பாதி. கூடுதலாக மாட்டிய பொருளை மட்டும் யாராவது கழற்றிக்கொண்டு போனால் பணம் இல்லை. அந்த இழப்பு வண்டியும் சேர்ந்து திருடு போனால்தான் கணக்கில் வரும். தேடித் தேடி வாங்கிய பழைய ஹாரனும் பெட்டியும் இருந்தால் ஷெட்டுக்கு நல்ல பூட்டாகப் போடுங்கள்.

இன்னொன்று, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கிக்கர் அடித்துப் பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீரோடு உதைத்து கனெக்டிங் ராடு வளைந்தால், அது நீங்கள் செய்த சேதம் என்று சொல்லிவிடுவார்கள். போட்டோ எடுத்து, தகவல் சொல்லிவிட்டு, சர்வேயர் பார்த்த பிறகு தள்ளிக்கொண்டு போங்கள்.

படி 5: பாலிசி வந்த அன்றே படியுங்கள்

காலாவதி தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) முழுவதும் போய்விடும். அது 50 சதவீதம் வரை சேரக்கூடியது. அப்புறம் ஃபுல் இன்சூரன்ஸுக்கு வண்டியை மறுபடி ஆய்வு செய்ய வேண்டியிருக்கும்.

பேசிய ஐடிவிதான் அச்சில் இருக்கிறதா, சிசி சரியா, தயாரிப்பு வருடம் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பரில் ஒரே ஓர் எழுத்து தவறியிருந்தாலும் அன்றே மெயில் அனுப்பி, என்டார்ஸ்மென்டை (பாலிசியில் செய்த திருத்தத்துக்கான சான்றை) வாங்கிப் பாலிசியோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள்.